சுரங்கம் மூடினா நிலம் பழையபடி வருமா? பெர்மிட்ல இருக்கறது புல்லுதான்

கம்மாபுரத்தான்:
பக்கத்து திரியில ஒருத்தர் எழுதியிருக்காரு, "நெய்வேலி சுரங்க விரிவாக்கத்தை ஏன் எதிர்க்கறீங்க, கரி எடுத்து முடிச்சதும் குழியை மூடி நிலத்தைப் பழையபடி ஆக்கணும்னு பெர்மிட்லயே இருக்கு"ன்னு. பழையபடின்னு எங்கய்யா இருக்கு? 2020 ஜனவரி 8 சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு, அதே மாசம் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை சுரங்க அனுமதிகள்ல கண்டிஷனா சேர்த்துச்சு. தோண்டின இடத்துல திரும்ப புல் வளர்க்கணும், தீவனம், செடிகொடி, ஜீவராசி வாழ ஏத்த நிலைக்கு நிலத்தைக் கொண்டுவரணும், அவ்வளவுதான். புல்லு. நெல்லுன்னு ஒரு எழுத்து கிடையாது.

மைன்ஸ்மாறன்:
அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே எழுதலாமேண்ணே. செடிகொடின்னா நெல்லும்தான வரும்? நிரப்பின நிலத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து நெல்லு விளைவிச்சே காட்டியிருக்காங்க, நீங்க போய் பாத்தீங்களா?

கம்மாபுரத்தான்:
ஆராய்ச்சிக்கு நாலு வயல்ல விளைவிக்கறது வேற, கண்டிஷன்ல எழுதறது வேற தம்பி. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க 5, 6 கன மீட்டர் மண்ணை அள்ளிப் போடறாங்க, அந்த மண்மேட்டு மண்ணைக் கையில எடுத்துப் பாருங்க. வெள்ளைக் களி, கூழாங்கல்லு, செம்மண் கட்டி எல்லாம் கலந்து கிடக்கும், மழையில வழுக்கும், வெயில்ல ஓடு மாதிரி காஞ்சு வெடிக்கும். எங்க வயல்ல மண்வெட்டி போட்டா மேல ஒரு சாணுக்கு கருப்பா ஈரமா மண்புழுவோட வரும். அந்த ஒரு சாணு உருவாக எத்தனை தலைமுறை எருவும் ஆட்டுக்கிடையும் போயிருக்குன்னு தெரியுமா? அதுக்கு ஈடு புல்லா?

வடலூர்வாசு:
நெல்லே புல் இனம்தாங்க. கரும்பும் புல்லு, மூங்கிலும் புல்லு. புல்லுன்னு எழுதினதால நெல்லு வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?

கம்மாபுரத்தான்:
வாசு சார், போன மாசம் வீராணம் தண்ணி திரியிலயும் இப்படித்தான் நடுவுல புகுந்து வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு தொங்குனீங்க. மூங்கிலை ஆக்கி சோறு திங்க முடியுமா?

வடலூர்வாசு:
மூங்கில் அரிசி கேள்விப்பட்டதே இல்லையா? அந்தத் திரியில நான் சொன்னதுக்கு இன்னும் பதில் வரல, அதையும் சேர்த்து சொல்லுங்க.

முந்திரிக்காடு:
ரெண்டு பேரும் மூங்கிலை விடுங்க. பணத்தைப் பேசுங்க. 2009-லயே நிலக்கரி அமைச்சகம் மூடல் திட்டத்தைக் கட்டாயமாக்கிடுச்சு, அதுக்காக எஸ்க்ரோ கணக்குல, அதாவது கம்பெனி இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனிக் கணக்குல, வருஷாவருஷம் பணம் கட்டணும். 2020 வழிகாட்டுதல்ல திறந்தவெளி சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 9 லட்சம். ஏக்கருக்குப் பிரிச்சா மூணரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவு ஆழக் குழியை அந்தக் காசுல வயலாக்க முடியுமா?

மைன்ஸ்மாறன்:
அக்கா, 9 லட்சம் அடிப்படைத் தொகை, வருஷத்துக்கு வருஷம் ஏத்திக் கட்டணும். அதோட மண்ணை நிரப்பறது தினசரி சுரங்க வேலையிலயே நடக்குது, முன்னாடி வெட்டி பின்னாடி கொட்டிக்கிட்டே போவாங்க. பாதி படிச்சுட்டு எழுதாதீங்க.

முந்திரிக்காடு:
பாதி படிச்சது யாருன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும். "படிச்சுட்டு வா"ன்னு பொம்பளைங்ககிட்ட மட்டும்தான் உங்களுக்கு வாய் வருது, அண்ணன்கிட்ட பம்முறீங்க.

கம்மாபுரத்தான்:
காசு கிடக்கட்டும்மா. கேள்வி புல்லா நெல்லா, அதுக்கு யாரும் பதில் சொல்லல. 2023 ஜூலை 26 நெய்வேலி பக்கம் வளையமாதேவியில, சுரங்கத்துக்காக பரவனாறு ஆத்தைத் திருப்பி விடற மாற்றுக் கால்வாய்க்காக கதிர் வர்ற பயிருல மிஷினை இறக்குனாங்களே, அன்னிக்கு டிவியில பாத்துட்டு எங்க அம்மா சாப்பிடல. பயிரை அழிச்சா அந்த வலி எப்படி இருக்கும்னு பெர்மிட் எழுதறவனுக்குத் தெரியாது, அதான் புல்லுன்னு எழுதிட்டுப் போயிட்டான்.

மைன்ஸ்மாறன்:
அந்த நிலம் பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்தினது. எடுத்த நிலத்துல ஏன் விதைச்சாங்க? கோர்ட்டு ஏக்கருக்கு 40,000 கொடுக்கச் சொல்லுச்சு, அதை மட்டும் விட்டுட்டீங்க. ராத்திரி ஃபேனைப் போட்டுத் தூங்கறீங்கல்ல, அந்த கரண்ட் எங்க இருந்து வருது?

கம்மாபுரத்தான்:
விதைக்காம நிலத்தைச் சும்மா போட விவசாயிக்கு மனசு வராது, அது உங்களுக்குப் புரியாது. கரண்டுக்கு பில்லு கட்டிட்டுத்தான் தூங்கறேன். பேச்சை மாத்தாதீங்க. பழையபடின்னு நீங்கதான் எழுதினீங்க. கரிக்குக் கீழ இருக்கற ஊத்துத் தண்ணி அழுத்தத்தைக் குறைக்க ராவும் பகலும் மோட்டார் போட்டு இறைக்கறாங்க. ஒரு காலத்துல போர் போட்டா மோட்டார் இல்லாம தானா பொங்கின தண்ணி அது. அதுவும் பழையபடி வருமா? அதுக்கும் புல்லு நடுவீங்களா?

வடலூர்வாசு:
இப்ப தண்ணிக்குப் போயிட்டாரு. வீராணம் திரியில இதே ஊத்துத் தண்ணிக்கு வேற மாதிரி பேசினது ஞாபகம் இருக்கா?

கம்மாபுரத்தான்:
என்ன வேற மாதிரி? எடுத்துப் போடுங்க பாப்போம். மாறன் தம்பி, உங்களுக்கு ஒரே கேள்வி: அனுமதிக் கடிதத்துல "விளைநிலமாகத் திருப்பி" அப்படின்னு எந்தப் பக்கத்துல இருக்கு, கண்டிஷன் நம்பர் என்ன?

மைன்ஸ்மாறன்:
அண்ணே, செடிகொடின்னா நெல்லும் வரும்னு முதல்லயே சொல்லிட்டேன். எத்தனை தடவை சொல்றது.

கம்மாபுரத்தான்:
நம்பர் கேட்டேன்.