போன் மணி அடித்தால் நெட் போய்விடுகிறது

கேள்வி:
நாகர்கோவிலில் அப்பா வீடு. பழைய லேண்ட்லைன் வயரிலேயே ஏடிஎஸ்எல் இன்டர்நெட். ஹாலில் ஒரு போன், மாடியில் பேரலல் போன், பக்கத்தில் மோடம். யாராவது கூப்பிட்டால் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு மினுங்கி அணைகிறது. மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் அறுந்துபோகிறது. வழி சொல்லுங்கள்.

பதில் 1:
ஹால் போனுக்கு ஸ்ப்ளிட்டர் (பேச்சையும் டேட்டாவையும் பிரிக்கும் சிறு பெட்டி) இருக்கிறதா? பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள், டேட்டா 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. பிரிக்காவிட்டால் இரண்டும் கெடும்.

பதில் 2:
அண்ணே, வயர் வீட்டுக்குள் நுழையும் ரோசெட்டிலேயே (சுவரில் உள்ள போன் இணைப்புப் பெட்டி) ஒரே ஸ்ப்ளிட்டர் மாட்டுங்கள். போன் முனையில் இரண்டு போனும், மோடத்துக்குத் தனி வயர். ரோசெட் திருகில் பச்சை பூத்திருந்தால் வயர் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்குங்கள்.

கேட்டவர்:
திருகு பச்சையாகத்தான் இருந்தது தம்பி. இப்போது அப்பா போன் பேசும்போதும் விளக்கு அசையாமல் எரிகிறது. ரொம்ப நன்றி.