ரோட்டுக்குப் போன குளத்துக்கு ஈடு எங்கே?

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரியகுளத்தைத் தூர்வாரப் பணம் திரட்டலாம் என்று அபுதாபி அண்ணாச்சி போன வாரம் எழுதியிருந்தார்கள். என் பங்கு கண்டிப்பாக உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பேசியாக வேண்டும். ரோட்டை அகலப்படுத்தும்போது குளத்தின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பகுதியில், வடக்கு மூலையை மண்ணடித்து மூடினார்களே, அந்த இடத்துக்கு ஈடு எங்கே? தூர்வாரினால் மிச்சக் குளம் ஆழமாகும், அவ்வளவுதான். மடை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. அரிவாள்மூக்கன் பறவைகள் மேய்ந்ததும் அந்த மூலையின் முழங்கால் தண்ணீரில்தான்.

நான் இருக்கும் அமெரிக்காவின் மினசோட்டாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சதுப்பும் குட்டையுமாகத் தண்ணீர் நிற்கும் பழைய ஈரநிலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்த மாநிலம் இது. விவசாயத்துக்காக மண்ணுக்கடியில் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். 1991-ல் ஒரு சட்டம் வந்தது: ஈரநிலத்தை அழிப்பவர் அதற்கு ஈடு செய்ய வேண்டும். பல இடங்களில் ஒன்றுக்கு இரண்டு என்று கணக்கு. சிக்கல் சின்ன ரோடுகளில் வந்தது. இங்கே ஒரு வளைவை நேராக்க அரை ஏக்கர், அங்கே ஓரத்தை அகலமாக்கக் கால் ஏக்கர் என்று போகும். ஒவ்வொரு உள்ளூர் நிர்வாகமும் தனித்தனியாக நிலம் தேடி, ஈரநிலம் உண்டாக்கி, வருஷக்கணக்கில் அதைக் கவனிப்பது நடக்கிற காரியமா? அதனால் 1996-ல் அந்தப் பொறுப்பை மாநிலமே எடுத்துக்கொண்டது. சட்டமன்றம் கடன் பத்திரம் விற்றுப் பணம் ஒதுக்குகிறது. நீர், மண் வளத்துக்கான மாநில வாரியம் பெரிய பெரிய இடங்களாகப் பார்த்து ஈரநிலத்தை மீட்டு, வங்கிக் கணக்கு மாதிரி வரவு வைக்கிறது. ரோட்டுக்குப் போனதை அதிலிருந்து கழிக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ரோட்டைச் சீர்செய்வதற்குத்தான் இந்தச் சலுகை. புது ரோடு போடுபவர்கள் ஈட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படி மீட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார்த்தேன். முன்பு மக்காச்சோளக் காடு. குழாயை உடைத்து, வடிகாலை அடைத்திருக்கிறார்கள். இப்போது கோரையும் வாத்துமாக நிற்கிறது. பார்த்ததும் நம் வடக்கு மூலைதான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டில் வன நிலத்தை வேறு வேலைக்கு எடுத்தால் ஈட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைக் கையாள 2016-ல் தனிச் சட்டமே வந்தது. குளத்துக்கு அப்படி ஒரு நிதி இல்லை. நம் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் ஏறியது, சந்தோஷம். ஆனால் 2017 ஈரநில விதிகளின் வரையறையில் பாசனத்துக்கென்று வெட்டிய குளமே சேராது. திருநெல்வேலிச் சீமையில் பாசனக் குளத்தை விட்டால் வேறென்ன ஈரநிலம் இருக்கிறது? எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

அதற்காக மினசோட்டா முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே ஈடு வெகு தூரத்தில்கூட அமையலாம். நமக்கு அது உதவாது. நம் குளம் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் கீழக்குளத்துக்குப் போகிறது, அது நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் எத்தனை குளம் உடைந்தது! மேலே ஒரு குளத்தில் இடம் குறைந்தால், அந்தத் தண்ணீர் கீழே இருப்பவன் தலையில்தான் இறங்கும். அதனால் ஈடு அதே கால்வாயில், அதே வரிசைக் குளங்களில்தான் அமைய வேண்டும். செலவும் ரோட்டு மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். ரோடு அரசுப் பணம், ஈடு மட்டும் நம் உண்டியலா?

கீழக்குளத்தை ஒட்டிப் போகும் ரோட்டுக்கு இப்போது அளவெடுக்கிறார்கள் என்று சித்தி போனில் சொன்னாள். கல் நடுவதற்கு முன்னால் கேட்டால்தான் உண்டு. அக்டோபர் 2 கிராம சபையில் ஊரில் இருப்பவர்கள் தீர்மானம் கொண்டுவரட்டும். எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு குளப் புறம்போக்கு போகிறது, அதற்கு ஈடு எங்கே என்று அதில் எழுத வேண்டும். அப்புறம், நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்பட நகலும், அது எந்த வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டு நகலும் எடுக்கும் செலவு என்னுடையது.

மஸ்கட் மதினி வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், குளக்கரையில் எடுத்த போட்டோ ஒன்றில் பின்னால் வடக்கு மூலை முழுசாகத் தெரியும். மதினி, அதைத் தேடி எடுத்து இங்கே அனுப்புங்களேன். மற்றவர்களும் பழைய படம் இருந்தால் எந்த வருஷம் என்று குறித்து அனுப்புங்கள்.