சிஎம்ஏ வண்டிகள்: எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும்?

வணக்கம். வோல்வோவைச் சீன நிறுவனமான ஜீலி 2010இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது. வோல்வோ எக்ஸ்சி40, அதே குழுமத்தின் போல்ஸ்டார் 2, லிங்க் அண்ட் கோ 01 மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே: சிஎம்ஏ (Compact Modular Architecture). அதற்காக எல்லாப் பாகமும் மாற்றிப் போடலாம் என்று நம்பிவிட முடியாது. எக்ஸ்சி40இன் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2702 மி.மீ., போல்ஸ்டார் 2 உடையது 2735.

எக்ஸ்சி40, போல்ஸ்டார் 2 இரண்டிலும் வீல் போல்ட் அமைப்பு 5x108 (108 மி.மீ. விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 63.4 மி.மீ. ஆனால் போல்ஸ்டார் 2 மின்சார வண்டி என்பதால், பேட்டரி எடைக்கேற்ப ஸ்பிரிங்கும் டயரின் சுமை எண்ணும் (டயர் தாங்கும் எடையைக் குறிப்பது) வேறுபடும். பெட்ரோல் வண்டியின் டயரை அதில் அப்படியே மாட்டுவது ஆபத்து. எலக்ட்ரானிக் மாட்யூல் என்றால் இன்னும் சிக்கல்: சாக்கெட் பொருந்தினாலும் அந்த வண்டியின் விஐஎன்னுக்கான (வண்டியின் தனி அடையாள எண்) மென்பொருள் ஏற்றாமல் வேலை செய்யாது.

முன்பக்க லோயர் ஆர்ம், வீல் பேரிங், பிரேக் பேட் ஆகியவற்றின் பாக எண்களை மூன்று வண்டிக்கும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் பகிருங்கள். மாடல் ஆண்டும் அவசியம். "பொருந்தும்" என்று மட்டும் சொன்னால் போதாது, எண் வேண்டும்.