மறு: ‘லேக்’ – ஒரே சொல் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இணைய விளையாட்டு தடங்கித் தடங்கி ஓடுவதை ஆங்கிலத்தில் ‘லேக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக இந்த இழை ஓடுகிறது. பின்னடைவு, காலதாமதம், இழுவை, சுணக்கம் என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. வாக்கெடுப்புக்குப் போகும் முன் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிலில் கிடப்பது ஒரு பிள்ளை என்று நினைத்துப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். எட்டிப் பார்த்தால் மூன்று கிடக்கின்றன.

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். சும்மா கிடந்த பழைய மேசைக்கணினியில் அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு வழங்கி (சர்வர்) ஒன்றை நிறுவிக் கொடுத்தேன். அவனோடு சேர்த்து ஐந்து பேர், ஐந்து வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் மூன்று புகார்கள் வந்தன. மூன்றிலும் வாசகம் ஒன்றுதான்: “மாமா, லேக் அடிக்குது.”

முதல் புகார் அவனுடையது. வழங்கி அடுத்த அறையில் இருக்கிறது. பிங், அதாவது ஒரு செய்தி வழங்கிக்குப் போய்த் திரும்பும் நேரம், 1 மில்லிநொடி. இணையத்தின் மீது பழி போட வழியே இல்லை. ஆனாலும் படம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெட்டு வெட்டி நின்று ஓடியது. மடிக்கணினியைத் தலையணை மேல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் எல்லாம் பஞ்சில் புதைந்திருந்தன. செயலியின் வெப்பம் 97 டிகிரி. அந்தச் சூட்டில் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசைக்கு மாற்றி, விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதி எடுத்ததும் சரியாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், திரையின் மூலையில் இருந்த எண் அதுவரை நொடிக்கு 58 சட்டகம் (ஃப்ரேம்) என்று நல்லபிள்ளையாகவே காட்டிக்கொண்டிருந்தது. 60 சட்டகம் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடி. நடுவில் ஒரே ஒரு சட்டகம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி அதை விழுங்கிவிடும். கண் விழுங்காது.

இரண்டாவது புகார் மூன்று தெரு தள்ளி இருக்கும் பையனுடையது. அவன் கணினி புதியது, சூடும் இல்லை. அவனுக்கு மட்டும் பிங் 30-லிருந்து 400-க்கு எகிறும், ஐந்து நிமிடம் கழித்துத் தானாக இறங்கும். தொலைபேசியில் அழைத்து வீட்டில் வேறு யார் இணையத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவனுடைய அப்பா திருமண வீடியோக்களை மேகக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறிக்கொண்டிருந்த அத்தனை பொதிகளும் (தரவுத் துண்டுகள்) திசைவிக்குள் (ரௌட்டர்) வரிசை கட்டி நிற்க, இவனுடைய சின்னஞ்சிறு பொதி அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது. ரேஷன் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவன், முன்னால் நிற்கும் ஐம்பது பேருக்கும் அரிசி அளந்து முடியும் வரை காத்திருப்பதைப் போல. திசைவியின் அமைப்பில் பதிவேற்ற வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு உச்சவரம்பு வைத்ததும் அடங்கியது.

மூன்றாவது புகாரில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உடைத்த கல் திரும்ப முளைக்கிறது, ஆடு மாடெல்லாம் சிலையாக நிற்கிறது. பிங் பார்த்தால் எல்லோருக்கும் ஒழுங்காக இருக்கிறது. வழங்கியின் பதிவேட்டைத் திறந்தேன். ‘கான்ட் கீப் அப்’ என்று வரிக்கு வரி அழுதுகொண்டிருந்தது. இந்த விளையாட்டில் வழங்கி நொடிக்கு 20 முறை உலகத்தை ஒரு அடி நகர்த்த வேண்டும், அதாவது ஒரு துடிப்புக்கு 50 மில்லிநொடி. வேலை 100 மில்லிநொடி ஆனால் துடிப்பு 10 ஆகக் குறையும். 20 நிமிடத்தில் முடிய வேண்டிய விளையாட்டு நாள் 40 நிமிடம் ஓடும். காரணம் என்னவென்று தேடினால், ஒரு பையன் நாலுக்கு நாலு கட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் கோழி வளர்த்திருக்கிறான். ஒவ்வொரு கோழியும் எங்கே நகர்கிறது, எதன் மேல் முட்டுகிறது என்று ஒவ்வொரு துடிப்பிலும் கணக்குப் போட்டுப் போட்டே கணினி களைத்துவிட்டது. இந்தக் கணக்கின் பெரும்பகுதி செயலியின் ஒரே கருவில்தான் (கோர்) நடக்கும். இன்னும் நாலு ஜிபி நினைவகம் வாங்கிப் போட்டாலும் கோழி கோழிதான்.

ஆக, ஒரே மாலையில் மூன்று நோய், மூன்று மருந்து. ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான், தலையணையை எடுக்க வேண்டிய வீட்டில் 300 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்குகிறார்கள். நாம் புதிதாகச் சொல் செய்கிறோம். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வானேன்? காத்திருப்பு எங்கே நடக்கிறது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கட்டும்.

என் தேர்வுகள் இவை. பொதி வழியில் நேரமெடுத்தால் சுணக்கம். நம் கணினியில் படம் வெட்டி வெட்டி ஓடினால் விக்கல். வழங்கி வேலையைத் தாங்க முடியாமல் மூச்சு வாங்கினால் திணறல்.

இவற்றைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தின் நடுவில், ஒலிவாங்கியில், ஒரே மூச்சில் கத்த வரும் சொல்தான் பிழைக்கும். “சுணங்குது”, “விக்குது”, “திணறுது” – மூன்றும் முழு வினைகள். ‘ஆகுது’, ‘அடிக்குது’ என்று ஒட்டுப்போட வேண்டியதில்லை. “எனக்குப் பின்னடைவு ஏற்படுகிறது” என்று எந்தப் பையனும் கத்தமாட்டான். கத்தி முடிப்பதற்குள் செத்திருப்பான். தவிர, பின்னடைவு என்றாலே எனக்கு வாக்கு எண்ணும் நாள் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லை வேட்பாளர்களுக்கே விட்டுவிடுவோம். காலதாமதத்தைத் தொடர்வண்டி நிலைய ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டு பல காலம் ஆகிறது.

சுணக்கத்தைப் பரிந்துரைத்த அம்மையாருக்கு ஒரு சிறு குறிப்பு. சங்கப் பாடல்களில் வரும் ‘சுணங்கு’ பெண்களின் மேனியில் தோன்றும் தேமல். அதற்கும் இதற்கும் குழப்பம் வருமே என்று கேட்டிருந்தீர்கள். மைன்கிராஃப்ட் ஆடும் பையன்களுக்கு அந்தக் குழப்பம் வந்தால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

———

> பொதி வழியில் நேரமெடுத்தால் சுணக்கம்.

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குச் சுணக்கம் ஒரு அகராதிச் சொல்லாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது தேநீர் மாதிரி, ஒரு நாளைக்கு நாலு தரம் வரும். “ஏன் சுணங்கினனீ?” என்று அம்மா கேட்காத பின்னேரம் இல்லை. அதனால்தான் ஒரு மறுப்பு.

சுணங்குவது என்றால் நேரத்தோடு வரக்கூடியவன் எங்கேயோ மினக்கெட்டு வருவது. அதில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருக்கிறது. உங்கள் இரண்டாவது பையனின் கதைக்கு அது சரியாகப் பொருந்தும், பொதி வரிசையில் மினக்கெட்டது. ஆனால் எங்கள் பெடியள் விளையாடும் வழங்கிகள் அநேகமாகச் சிங்கப்பூரில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீட்டர் அளவில்தான் ஓடும், வெற்றிடத்தில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்கு. போய்வர 27 மில்லிசெக்கன் ஆகும். கேபிள் நேர்கோட்டில் கிடக்காதபடியால் இன்னும் கூடும். இதில் யாரும் சுணங்கவில்லை. ஒளி தன்னால் முடிந்த வேகத்தில் ஓடிவருகிறது, பாவம், அதைப் போய்க் குறை சொல்லலாமா?

ஆகவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். தூரத்தால் வருவது ஓட்டநேரம். அதற்கு மேல் வரிசையிலும் நெரிசலிலும் கூடுவதுதான் சுணக்கம். பிங் காட்டுவது இரண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஓட்டநேரத்தைக் குறைக்கக் கிட்ட இருக்கும் வழங்கிக்கு மாற வேண்டும், வேறு வழி இல்லை. சுணக்கத்தை வீட்டிலேயே சரிப்படுத்தலாம். நீங்கள் சொன்ன அதே நியாயம்தான், சொல் மருந்தைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. பிங் 30, 90, 40, 120 என்று நிலையில்லாமல் ஆடுவதற்கு முந்திய மடலில் ஒருவர் ‘நடுக்கம்’ என்று எழுதியிருந்தார். நடுக்கம் குளிருக்கும் பயத்துக்கும் இருக்கட்டும். விலை ஏறி இறங்குவதை எங்கள் பொருளியல் புத்தகங்களில் தளம்பல் என்போம். அது இதற்குச் சரியாக இருக்கும். ஒரே சீராக 80 இருந்தால் கை பழகிவிடும், 30-க்கும் 120-க்கும் இடையில் தளம்பினால் யாராலும் குறிபார்க்க முடியாது.

———

மூத்தவர்களுக்கு வணக்கம். கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே நிஜமாக விளையாடுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன், அதனால் பயந்துகொண்டேதான் சொல்கிறேன். பிங்கை விட்டுவிடுங்கள். அதற்குத் தமிழ் தேடாதீர்கள். அது ஒரு சத்தம். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலி போய் மோதித் திரும்பும் சத்தத்தை நினைத்துத்தான் மைக் மூஸ் 1983-இல் தன் நிரலுக்கு அந்தப் பெயரை வைத்தார். ‘டிங்’, ‘டொக்’ எல்லாம் எந்த மொழிக்கும் சொந்தம்.

விக்கல் அருமை. எங்கள் விடுதியில் நேற்று சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “உன் கணினியை யாரோ நினைக்கிறாங்கடா” என்று ஒருவன் பதில் சொன்னான். அந்தச் சொல் இனி விடுதியை விட்டுப் போகாது.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முன்னால் ஓடுகிறேன், கதவைத் தாண்டுகிறேன், சட்டென்று பழைய இடத்திலேயே நிற்கிறேன். இடுப்பில் கயிறு கட்டி யாரோ பின்னால் இழுத்த மாதிரி. நாங்கள் ‘ரப்பர்’ என்போம். இது எந்தப் பெட்டியில் வரும்? என் பொதிகள் வழியில் தொலைந்தாலும் இப்படி ஆகும், வழங்கி திணறினாலும் இப்படி ஆகும். என் கணினி நான் ஓடிவிட்டதாக நம்பிக் காட்சியைக் காட்டிவிடுகிறது, வழங்கி அப்புறம் “இல்லை, நீ அங்கேதான் நிற்கிறாய்” என்று திருத்துகிறது.

———

கோவைத் தம்பிக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்கும் நன்றி. இரண்டு மடல்களும் என் மூன்று பெட்டிகளைக் கொஞ்சம் உடைத்துவிட்டன, நல்லதுதான்.

ஓட்டநேரம், சுணக்கம் என்ற பிரிவை அப்படியே ஏற்கிறேன். தளம்பலையும். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு நெருங்கிய உறவு ஒன்று குடத்துத் தண்ணீரில் இருக்கிறது, நிறைகுடம் தளும்பாது என்போம். அதனால் இங்கேயும் விளக்காமலே புரியும். ‘சுணங்குது’ என்று பையன் கத்தும்போது அதில் கொஞ்சம் ஓட்டநேரமும் கலந்திருக்கும். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், கையேட்டில் பிரித்து எழுதுவோம்.

தம்பி கேட்ட ‘ரப்பர்’ எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அது காய்ச்சல் மாதிரி. உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அதனால் அதற்கு இடத்தைக் காட்டாத பெயர்தான் வேண்டும். ‘பின்னிழுப்பு’ என்று வைக்கலாமா? “பின்னாடி இழுக்குது” என்று பேச்சிலும் வரும். பின்னிழுப்பு கண்டால் முதலில் மற்றவர்களைக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் என்றால் வழங்கி திணறுகிறது. தனக்கு மட்டும் என்றால் பொதி இழப்பு. கம்பியில்லா இணைப்பை விட்டு வடத்தைச் செருகிப் பார்ப்பது நல்லது.

வீட்டுச் செய்தி: கோழிப் பண்ணையைக் கலைத்தாகிவிட்டது. வழங்கியின் வரவேற்பு வாசகத்தில் அக்கா மகன் தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறான்: “திணறினால் மட்டும் மாமாவைக் கூப்பிடவும். விக்கினால் தூசி தட்டவும்.”

அடுத்த தலைவலி ஒன்று வாசலில் நிற்கிறது. வெளியே இருப்பவர்கள் உள்ளே வர திசைவியில் 25565 என்ற போர்ட்டைத் திறந்து இந்தக் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். திறந்தும் முதலில் யாராலும் வர முடியவில்லை. பார்த்தால் திசைவிக்கு வெளிப்புறம் கிடைத்திருந்த முகவரியே 100.64 என்று தொடங்குகிறது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுத்துவிட்டு, உள்ளே தனி எண் வைக்கும் ஏற்பாடு. அப்படியிருந்தால் நம் வீட்டில் எத்தனை கதவைத் திறந்தாலும் பயனில்லை, தெருக் கதவின் சாவி இணைய நிறுவனத்திடம். அவர்களிடம் கேட்டுத் தனிப் பொது முகவரி வாங்கித்தான் தீர்ந்தது.

போர்ட்டுக்குப் பழைய பட்டியல்களில் ‘துறை’ என்று இருக்கிறது, கப்பல் நிற்கும் துறைமுகத்தை நினைத்து. எனக்கு ‘வாசல்’ பிடித்திருக்கிறது, ஏனென்றால் திறக்கலாம், மூடலாம், தட்டலாம். இந்த முகவரிப் பங்கீட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கே பிடிபடவில்லை. ‘கூட்டு முகவரி’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். மறுப்பவர்கள் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.