குட்டி ஆமை எதையும் தின்ன மாட்டேன் என்கிறது

சிவப்புக்காது ஆமைக் குட்டிகள் இரண்டு, பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகத் தீனியைத் தொடவில்லை. என்ன செய்வது?

பதில் 1: முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள், 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும், குளிர்ந்தால் தின்னாது. டப்பா போதாது. நீந்த ஆழம், ஃபில்டர், ஏறிக் காய ஒரு மேடு, அதன்மேல் சூட்டு விளக்கும் யூவிபி (ஒருவகைப் புற ஊதாக் கதிர்) விளக்கும் வேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் சேராமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் வெயிலை நம்பாதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

பதில் 2: தினமும் அதன் தலை அளவுக்கு ஆமைத் தீனி, அப்புறம் மண்புழுத் துண்டு, கொஞ்சம் இலை. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.

கேட்டவர்: ஹீட்டர் போட்டதும் ஒன்று தின்றுவிட்டது! இன்னொன்று முறைத்துக்கொண்டே இருக்கிறது.