‘தொங்கு ஆசனம்’ வேண்டாம். ‘வட்டார மிகை’ சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். இலங்கை உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு கட்சி வாக்கு வீதப்படி சேர வேண்டியதைவிடக் கூடுதலாக வட்டாரங்களை வென்றுவிட்டால், அந்தக் கூடுதலை ஆங்கிலத்தில் ‘ஓவர்ஹேங்’ ஆசனம் என்கிறோம். அதைத் தமிழில் ‘தொங்கு ஆசனம்’ என்றே எழுதிவிடலாம் என்ற முன்மொழிவை நேற்றுப் பின்னேரம் வாசித்தேன். என்னால் உடன்பட முடியவில்லை. ‘தொங்கு’ என்றால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைதான் நினைவுக்கு வரும். அதற்கு வெளியூர் உதாரணம் தேடவும் வேண்டாம். எங்கள் மாநகர சபையின் 45 ஆசனங்களில் 2018இல் முதலிடம் பிடித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை 16. 2025இல் தமிழரசுக் கட்சிக்கு 13. இரண்டு முறையும் தொங்கியது சபை; ஓவர்ஹேங் ஆசனம் ஒன்றுகூட இல்லை.

அந்த ஆசனம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். 20 ஆசனங்கள் கொண்ட ஒரு பிரதேச சபையை எடுத்துக்கொள்ளுங்கள்: இப்போதைய 60க்கு 40 கணக்கில் 12 வட்டாரங்களில் நேரடியாக வெல்லப்படுபவை, 8 கட்சிப் பட்டியலில் இருந்து நிரப்பப்படுபவை. ஒரு கட்சி 40 வீத வாக்குப் பெற்றால் அதற்குச் சேர வேண்டியவை 8. எதிர் வாக்குகள் நாலாகச் சிதறியதால் அது 10 வட்டாரங்களை வென்றுவிட்டது. வென்ற இரண்டைப் பறிக்க முடியாது. மற்றக் கட்சிகளின் வாக்குகளுக்கு உரிய 12 ஆசனங்களிலும் கை வைக்கக் கூடாது. ஆகவே சபை 22 ஆகிறது. கொழும்பு மாநகர சபைக்கு உரிய 110 உறுப்பினர்கள் 2018இல் 119 ஆனதும், 2025இல் 117 ஆனதும் இப்படித்தான்.

வீக்கம் வந்தது வட்டாரத்தால். பழி விழுவதோ விகிதாசாரத்தின் தலையில். சிலர் கேட்பதுபோலத் தனி வட்டார முறைக்கே திரும்பினால் மேற்சொன்ன கட்சி 40 வீத வாக்குக்கு 12இல் 10ஐ எடுத்துக்கொண்டு போகும். 1977 பொதுத்தேர்தலில் பாதியளவு வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களை அள்ளியதை மறந்தவர்கள்தான் அதைக் கேட்பார்கள். பழைய முழுப் பட்டியல் முறையில் மதகு உடைந்தால் யாரிடம் போவது என்று தெரியாது என்ற குறை நியாயமானது. அதற்காகத்தான் 2012 சட்டத் திருத்தம் வட்டாரத்தைக் கொண்டுவந்தது. பங்கீட்டை நேர்செய்யும் வேலையை விகிதாசாரம் பார்க்கிறது.

இதனால்தான் ‘மேலதிக ஆசனம்’ என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. 2013 மாகாண சபைத் தேர்தலில் வென்ற கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனங்கள் கொடுத்தார்களே, அதையும் இதையும் சனம் ஒன்றாக்கிவிடும். அது முதலிடத்துக்குக் கிடைத்த பரிசு. இது வட்டாரத்தில் வாக்கு வாங்கி வந்தது. ‘மிஞ்சிய ஆசனம்’ என்றால் மிஞ்சிய சோறுபோல, பகிர்ந்தபின் எஞ்சியது என்று ஆகிவிடும்.

‘வட்டார மிகை’ என்பது என் பரிந்துரை. வட்டார வெற்றி, சேர வேண்டியதற்கு மேல் போய்விட்டது என்பது சொல்லிலேயே நிற்கிறது. நன்னூல் ‘மிகைபடக் கூறல்’ என்று குற்றங்களில் சேர்த்ததால் ‘மிகை’க்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டுதான். இருக்கட்டும், எங்கே மிகுந்தது என்று முன்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறதே.

இதற்குத் துணையாக, வாக்கு வீதப்படி ஒரு கட்சிக்குச் சேர வேண்டிய எண்ணிக்கைக்கும் ஒரு பெயர் தேவை. ‘உரித்தெண்’ என்று எழுதிப் பார்த்தேன். வாயில் சற்று இடறுகிறது. இதைவிட இலகுவாக ஏதாவது தோன்றுகிறதா?