படுக்கையறைக்கு நீலம், படிக்கும் அறைக்கு மஞ்சள்: சுவர் நிறம் மனதை மாற்றுமா?

புதுமனை:
வணக்கம். பட்டி, பிரைமர் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் ஷேட் சொல்லியாக வேண்டும். நீலம் அடித்தால் தூக்கம் வரும், மஞ்சள் அடித்தால் பிள்ளை நன்றாகப் படிப்பான், சிவப்பு சண்டையை மூட்டும், ரோஸ் கோபத்தைத் தணிக்கும் என்று கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எது ஆராய்ச்சியில் நின்றது, எது வெறும் பேச்சு? படுக்கையறை 10-க்கு 12 அடி, மேற்குப் பார்த்த ஜன்னல். பையனுக்கு 9 வயது. ஒன்பதரைக்குப் படுக்கப் போனாலும் பதினொன்று வரை புரண்டுகொண்டே இருக்கிறான். இதற்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டா?

தூரிகை:
முதலில் ரோஸ் விஷயம். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையில் அலெக்ஸாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி ஓர் அறைக்கு ரோஸ் அடித்தார்கள். ஒரு கேலன் வெள்ளைக்கு ஒரு பைன்ட் சிவப்பு, அதாவது எட்டுக்கு ஒன்று என்பது கலவை. கைதிகள் பதினைந்தே நிமிடத்தில் அடங்கிவிடுகிறார்கள் என்று செய்தி பரவியது. அந்தச் சிறையின் அதிகாரிகள் இருவரின் பெயரால் அதற்கு பேக்கர்-மில்லர் ரோஸ் என்று பெயரும் வந்தது. ஆனால் 2015-இல் வெளிவந்த ஒரு சுவிட்சர்லாந்துச் சிறை ஆய்வில், ரோஸ் அறையில் இருந்தவர்களையும் மற்ற அறையில் இருந்தவர்களையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆக்ரோஷத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கத்திக்கொண்டிருப்பவரைத் தனியறையில் விட்டால் நேரம் போகப் போக அடங்கத்தான் செய்வார். அந்தப் பெருமையைச் சுவருக்குக் கொடுத்ததுதான் பிழை.

நீலமா சிவப்பா என்ற கேள்வியைவிட, எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிர் என்பதே பெரிய கேள்வி. 1994-இல் வால்டெஸ், மெஹ்ராபியன் இருவரும் செய்த ஆய்வில், மனநிலையைத் தீர்மானித்ததில் இந்த இரண்டுக்கும்தான் பெரிய பங்கு. எந்த நிறம் என்பதன் பங்கு அவ்வளவு சீராக இல்லை. பளிச்சென்ற மயில்நீலம் அமைதி தராது. வெளிறிய செங்கல் நிறம் யாரையும் சண்டைக்கு இழுக்காது. ஆகவே படுக்கையறைக்கு உங்களுக்குப் பிடித்த எந்த நிறத்தையும் எடுங்கள், ஆனால் மங்கலாக, சாம்பல் கலந்ததாக எடுங்கள்.

எல்லோரும் தவறுவது ஷேட் கார்டில். நான்கு சுவரும் ஒன்றின் மீது ஒன்று ஒளியை எறிவதால், விரல் அகலச் சீட்டில் இளசாகத் தெரிந்த நிறம் அறையில் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். கார்டில் பிடித்ததற்கு ஒரு படி, முடிந்தால் இரண்டு படி வெளிர் எடுங்கள். கிளிப்பச்சைச் சுவர் அறையில் இருப்பவர் முகத்தில் பச்சை ஏற்றி, நோயாளி போலக் காட்டும். "இந்த ரூமுக்குள் வந்தாலே ஒரு மாதிரி இருக்கு" என்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

சோதிக்கும் முறை: 2-க்கு 2 அடி ஹார்ட்போர்டில் பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் எமல்ஷன் இரண்டு கோட், நடுவில் நான்கு மணி நேரம். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்தால் நிறம் மாறும். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விடுங்கள். இல்லாவிட்டால் பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றும். ஜன்னல் சுவரிலும் அதன் எதிர்ச் சுவரிலும் மாற்றி மாற்றி வைத்து காலை 7, மாலை 4, இரவு 8 மணிக்குப் பாருங்கள். மேற்கு அறையில் நாலு மணி வெயில் பட்டால் கிரீம் மஞ்சளாகும், பீச் ஆரஞ்சாகும். எட்டு மணிப் பார்வைக்கு, அறையில் நிரந்தரமாக எந்த பல்பு இருக்கப்போகிறதோ அதையே போடுங்கள்.

படிக்கும் அறைக்கு மேசைக்கு முன்னால் உள்ள சுவர் மேட் ஃபினிஷாக இருக்கட்டும். பளபளப்பு இருந்தால் டியூப்லைட் அதில் மின்னி, பையன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கும்போதெல்லாம் கண்ணைக் குத்தும். அடர் மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு, மூன்று நான்கு கோட் இழுக்கும். மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

ஒளிமானி:
தூரிகை சொன்னது மனதுக்கு. பையனின் தூக்கம் உடல் சம்பந்தப்பட்டது, அங்கே நிறம் நிச்சயமாக வேலை செய்கிறது. ஆனால் அது சுவரின் நிறமல்ல, விளக்கின் நிறம்.

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட தனிச் செல்கள் இருக்கின்றன. அவை சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளிக்குத்தான் அதிகம் விழிக்கும். அந்த ஒளி பட்டால் "இன்னும் பகல்" என்று மூளைக்குத் தகவல் போகும். தூக்கத்துக்கு வழிவிடும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகும். சிறுவர்களின் கண்ணில் பாப்பா பெரிது, லென்ஸ் தெளிவு. ஜப்பானில் 2014-இல் வந்த ஆய்வில், ஒரே விளக்கு பெரியவர்களைவிடச் சிறுவர்களின் மெலட்டோனினை ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைத்தது.

நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் கூல் டேலைட். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக் கூட நீலம் அதிகம். பல்பு அட்டையில் அச்சிட்டிருக்கும், பாருங்கள். 2022-இல் நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரை: கண்ணில் விழும் மெலனாபிக் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, இது அந்தத் தனிச் செல்கள் உணரும் அளவு) பகலில் குறைந்தது 250, படுக்கைக்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1.

வீட்டிலேயே தோராயமாக அளக்கலாம். போனில் லக்ஸ் ஆப் போட்டு, பையனின் கண் உயரத்தில், அவன் பார்க்கும் திசையை நோக்கிப் போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மேசையில் படுக்க வைத்து அளந்தால் கணக்கு தப்பு. வந்த எண்ணை 6500 கெல்வின் விளக்கென்றால் 0.9-ஆலும், 2700 என்றால் 0.45-ஆலும் பெருக்குங்கள். இரண்டிலும் போன் 25 காட்டினால், முதலாவது 22-ஐத் தாண்டும், இரண்டாவது 11-ஐ ஒட்டி நிற்கும்.

ஆறரைக்கு மேல் கூரை டியூப்லைட்டை அணைத்து, 2700 கெல்வின் வார்ம் ஒயிட் விளக்குக்கு மாறுங்கள். வீட்டுப்பாடம் இருந்தால் ஒளி புத்தகத்தில் மட்டும் விழும்படி, மூடிபோட்ட மேசை விளக்கைத் தாழ்வாக வையுங்கள். பல்பு நேரே கண்ணில் தெரியக் கூடாது. நைட் லேம்ப் நீலம் வேண்டாம். வேண்டுமென்றால் சிவப்போ ஆரஞ்சோ, அதுவும் கட்டில் மட்டத்துக்குக் கீழே. பகல் பங்கும் முக்கியம்: காலையில் அரை மணி வெளியே விளையாட விடுங்கள். வெளியே நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வீட்டுக்குள் எத்தனை டியூப் போட்டாலும் அது வராது.

நீலச் சுவர் பிடித்திருந்தால் தாராளமாக அடியுங்கள், அதனால் தூக்கம் கெடாது. வார்ம் விளக்கில் அது சாம்பலாகத் தெரியும், அவ்வளவுதான்.

புதுமனை:
இருவருக்கும் நன்றி. பல்பு அட்டையைப் பார்த்தேன், எல்லாமே 6500. இன்னொரு சந்தேகம். தங்கை பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கில் வைக்கிறார்களே, அப்படியென்றால் அந்த அறைக்காவது நீலம் அடித்தால் நல்லதா என்று அம்மா கேட்கிறார்.

தொட்டில்கூடம்:
அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நீல விளக்கு மனதின் வழியே வேலை செய்வதல்ல. 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள வலுவான ஒளி தோலுக்குள் போய், அங்கே தங்கிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளின் வடிவத்தை மாற்றுகிறது. மாறியது நீரில் கரையும், பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் தோல் வெளுத்திருந்ததை ஒரு செவிலியர் கவனித்ததிலிருந்து வந்த சிகிச்சை இது. சுவரோ, நீலத் துணியோ, கடையில் வாங்கிய நீல பல்போ அந்த வலுவைத் தராது. வெயிலில் காட்டுவதும் சிகிச்சை ஆகாது. சூடும் நீர் இழப்பும்தான் மிஞ்சும்.

ஆனால் அந்த அறையின் நிறம் வேறொரு வகையில் முக்கியம். மஞ்சள் சுவர், மஞ்சள் துணி, வார்ம் பல்பு மூன்றும் சேர்ந்தால் குழந்தையின் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. நீல வெளிச்சத்தில் உதடு நீலம் பாய்வதும் தெரியாது. ஆகவே அந்த அறைக்கு வெள்ளையோ ஆஃப்-ஒயிட்டோ போதும். தினமும் பகலில் ஜன்னலோரம் வைத்து நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மாநிறக் குழந்தைக்குத் தோலைவிட ஈறும் கண்ணின் வெள்ளையும் நம்பகம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடுதல் கவனம் வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பால் குடிக்காமல் எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.